ஊதினால் ஓடிய கேசட்

கேசட்டை உருவி, அடியிலிருக்கும் பின்கள் மேல் இரண்டு தடவை 'ஃபூ' என்று ஊதி, மறுபடி செருகினால் படம் வந்துவிடும். தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடி வளர்ந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையில் கோடு கோடாக வந்தாலும் ஊதினோம். ஒன்றுமே வராவிட்டாலும் ஊதினோம். ஆனால் ஊதியதால் எந்தக் கேசட்டும் ஓடவில்லை. உருவி மறுபடி செருகும்போது பின்கள் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். வாய் ஈரம் பட்டால் பின்கள் அரித்துப்போகும், ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோ நிறுவனமே அறிவுறுத்தியிருக்கிறது.

சிறுவயது வீடியோ கேம்களை நினைத்து நாம் படும் ஏக்கத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊதல்தான் நினைவுக்கு வருகிறது. படம் வந்தது உண்மை, அப்போது துள்ளிக் குதித்ததும் உண்மை. அதற்கு நாம் சொல்லும் காரணம்தான் பல நேரம் தவறு. இந்த ஏக்கம் நமக்கு வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது சொல்வதையெல்லாம் விசாரிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களான பிறகு திரும்பிப் போய் ஆடினால்தான் அந்தக் கேம்களின் கைவண்ணம் புரிகிறது. 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சிக்கனத்துக்காக ஒரே உருவத்துக்கு வெள்ளை தீட்டி மேகமாகவும் பச்சை தீட்டிப் புதராகவும் வைத்தார்கள். முதல் ஸ்டேஜில் கேள்விக்குறிக் கட்டையை முட்டியதும் ஒரு காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடும். பச்சைக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வரும். சற்றுமுன் பார்த்த எதிரியின் சாயல் இருப்பதால் பயந்து தாவுவோம். தலைக்கு மேலே செங்கல் வரிசை தடுக்கும். பெரும்பாலும் காளான் மேலேயே போய் விழுவோம். மாரியோ பெரிய ஆளாகிவிடுவான். நல்லது எது, கெட்டது எது என்பதை ஒரு வார்த்தைகூட எழுதாமல் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோவும் அவர் குழுவும் யோசித்து அமைத்த இடம் அது. ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ தெரியாத நம் தெருப் பிள்ளைகள் ஒரே மத்தியானத்தில் அதைக் கற்றுக்கொண்டதன் ரகசியம் இதுதான்.

இரண்டாவது பெருமை, காப்பாற்றுவது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான இணையக் கடைகளை மூடியது. விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே ஆடிப் பார்க்க நூலகங்களை அனுமதிக்கும்படி கேட்டதை, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. படைத்தவர்கள் கைவிட்டதை ஏக்கம் பிடித்த ரசிகர்கள்தான் பல காலமாகக் கட்டிக் காத்துவருகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. வாத்து சுடும் 'டக் ஹண்ட்' ஒன்று போதும் இதற்குச் சாட்சி. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுக்கக் கறுப்பாகி, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்று மின்னும். துப்பாக்கி முனையிலிருக்கும் ஒளி உணரி அந்த மின்னலைக் கண்டுகொண்டால் வாத்து விழும். துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எந்தக் குண்டும் போகவில்லை. டிவியிலிருந்து வந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்தது. பிக்சர் டியூப் டிவியின் வேகத்தை நம்பிச் செய்த இந்த ஏற்பாடு இன்றைய தட்டை டிவியில் வேலை செய்யாது. கேம் பத்திரமாக இருக்கிறது, அதைக் காட்டும் கண்ணாடி போய்விட்டது.

நம் ஊர் நினைவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் வைத்திருந்த பெட்டிகளில் பல, 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' கருவியின் நகல்கள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். பட்டியலில் இறங்கிப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்களே வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். செய்தவர் பெயரை அழித்துவிட்ட கேசட்டுகளும் உண்டு. 2016இல் நிண்டெண்டோ 30 கேம்களோடு கையடக்கமாக வெளியிட்ட சாம்பல் நிறப் பெட்டியின் வடிவம், அமெரிக்கப் பிள்ளைகளின் வரவேற்பறையிலிருந்து வந்தது. அதைப் பார்த்து ஏங்கும்போது அடுத்தவர் பால்யத்தை நம்முடையதாக எண்ணிக்கொள்கிறோம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் நகல் பெட்டியை வரலாறாக மதித்து எடுத்து வைப்பவர் குறைவு.

ஏக்கத்துக்கு விலை வைக்கத் தொடங்கியதும் அது இன்னும் கெட்டுப்போகிறது. 2021இல் பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' கேசட் ஒன்று அமெரிக்காவில் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. யாருமே ஆடவில்லை என்பதற்காகத் தரப்பட்ட விலை அது. ஆடுவதற்காகப் பிறந்த பொருளுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிடப் பொதுவான குற்றம் ஒன்று நம் நாக்கிலேயே இருக்கிறது: "எங்க காலத்துல எல்லாம்..." என்று தொடங்கும் பேச்சு. சேமித்து வைக்க வழியில்லை, கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து, அதனால் எங்களுக்குப் பொறுமை இருந்தது என்கிறோம். வேறு வழி இல்லாததைப் பொறுமை என்று சொல்லிக்கொள்கிறோம். சிறிய கேம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதும் அந்தக் கேம்கள் கடினமாக இருந்ததற்கு ஒரு காரணம். 'காண்ட்ரா'வில் மூன்று லைஃப் போதாமல், மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ என்று அழுத்தி 30 லைஃப் வாங்கியவர்களும் நாம்தான். அந்தச் சூத்திரத்தை முதலில் 1986இல் 'கிரேடியஸ்' கேமில் வைத்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. சோதித்துப் பார்க்கத் தனக்கே அது கடினமாக இருந்ததால் வைத்தார். செய்தவருக்கே தேவைப்பட்ட சலுகையை மறைத்துவிட்டு இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமில்லை.

என் சொந்த நினைவையும் இதே தராசில் வைத்துப் பார்க்க நேர்ந்தது. அக்காவும் நானும் சேர்ந்து மாரியோ ஆடிய கோடை விடுமுறைகள்தான் என் பால்யத்தின் உச்சம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். போன பொங்கலுக்கு அதை அக்காவிடமே சொன்னேன். "நீ அவுட் ஆனாத்தானேடா என் சான்ஸ். நீ அவுட் ஆகிற நேரத்துக்கு அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டிருவாங்க" என்றாள். உண்மைதான். இருவர் ஆடும்போது மாரியோ சாகும்வரை இரண்டாமவரின் லூயிஜி காத்திருக்க வேண்டும் என்பதே அந்தக் கேமின் விதி. முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் என் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டின் விதி. முதல் விதி மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது.

ஆகவே என் முடிவு இது. பழைய கேம்களைத் தேடி ஆடுங்கள், பரணில் கிடப்பதைத் துடைத்து வையுங்கள், செய்தவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே, அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அவர் நினைவையும் கேளுங்கள். அந்த மகிழ்ச்சி கேசட்டில் எவ்வளவு இருந்தது, நமக்காகக் காத்திருந்தவரின் விட்டுக்கொடுத்தலில் எவ்வளவு இருந்தது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

அந்தப் பொங்கலன்று சாயங்காலம் மடிக்கணினியில் மாரியோவைப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். முதல் ஸ்டேஜில் நாலு தடவை செத்தாள். ஐந்தாவது தடவை கொடிக்கம்பத்தைப் பிடித்தாள். குழாய் வழியாகச் சுரங்கத்துக்குள் இறங்கியதும் இசை மாறியது. ஒரு நிமிடம் கை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். "இந்த ஸ்டேஜை நான் நிறைய தடவை பார்த்திருக்கேன். ஆடினதில்லை" என்றாள். நான் நகர்ந்து, அவள் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.