மல்லன் விடுமனைத் தெரியுமா?

பங்குனியில் நார்த்தாமலைக்குப் போனால் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. அத்தனை கூட்டமும் ஊருக்குள் இருக்கும் முத்துமாரியம்மனுக்கு. மேலமலைக்கு ஏறுகிறவர்கள் குறைச்சல்தான். நான் போனது கூட்டமில்லாத ஒரு காலையில். கூட வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாறைச் சரிவில் நான் மூச்சு வாங்கி நிற்க, அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டார். "மெதுவா வாங்க தம்பி. ஆயிரம் வருஷமா அங்கேயேதான் இருக்கு!"

இருக்கிறது. விஜயாலய சோழீச்சுரம். மேற்குப் பார்த்த சிவன் கோயில். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். விமானமும் அப்படித்தான், சதுரமாகக் கிளம்பி உச்சியில் வட்டமாகிறது. மொத்தமும் கல். சுற்றிலும் இருந்த எட்டு சின்னக் கோயில்களில் ஆறு மிச்சம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்தால் பிரமிப்பு வரும். இதைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் போலிருக்கிறது.

பேசியது ஆசிரியர்தான். துவாரபாலகர் சிலைக்குக் கீழே இருக்கும் கல்வெட்டைக் காட்டினார். அது சொல்லும் சேதி இது: இந்தக் கற்கோயிலைக் கட்டியவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையர். மழையில் அது சிதைந்துபோக, புதுப்பித்தவர் மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன்.

விஜயாலயனைக் காணோமே?

"அந்தப் பேரு பிற்காலக் கல்வெட்டுலதான் வருது" என்றார். சாத்தன் பூதி ஒரு முத்தரையர் தலைவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் முத்தரையர்களிடமிருந்து தஞ்சாவூரைப் பிடித்தவன்தான் விஜயாலயன். தோற்றவர் கட்டியதற்கு ஜெயித்தவர் பெயர்!

நான் பி.காம். படித்தவன். என் கணக்குப்படி முதல் போட்டவர் ஒருவர், ரிப்பேர் செலவு இன்னொருவர், வரவு வைத்திருப்பது மூன்றாவது ஆள் பெயரில். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் பயணக் கட்டுரைகள் பலவும் 'சோழர் கலை' என்று தாராளமாகப் போட்டுவிடுகின்றன.

எதிரே இரண்டு குகைகள். ஒன்றுக்கு சமணர் குடகு என்று பெயர், உள்ளே சுவரில் வரிசையாக நிற்பது பன்னிரண்டு விஷ்ணு. இன்னொன்று பழியிலீச்சுரம், சின்ன சிவன் கோயில். அங்கே கணக்கு சுத்தம். குடைந்தவர் சாத்தன் பழியிலி, முன்மண்டபம் எடுத்தவர் அவர் மகள் சிறிய நங்கை என்று நிருபதுங்க பல்லவன் காலத்துக் கல்வெட்டு பிரித்தே சொல்கிறது. மகள் தன் செலவை எழுதும்போது அப்பாவை மறக்கவில்லை.

மல்லன் விடுமனையும் எனக்கு இதனால்தான் பிடித்தது. பழுது பார்த்தவர் நினைத்திருந்தால் முழுக்கோயிலும் நான் கட்டியது என்று வெட்டிக்கொண்டிருக்கலாம். கட்டியவர் யார், கெட்டது எப்படி, சரிசெய்தது யார் என்று மூன்றையும் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பிரான்ஸில் மலைமேல் இருக்கும் கர்காசோன் கோட்டையை 19-ம் நூற்றாண்டில் வியோலே லெ துக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தார். கோபுரங்களுக்கு அவர் வைத்த கூம்புக் கூரைகள் அந்த வட்டாரத்துக்கே பொருந்தாதவை என்று எழுந்த சண்டை லேசில் ஓயவில்லை. 1997-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்த ஊர் சேர்ந்துவிட்டது. சண்டை போடவாவது அங்கே எது பழசு, எது புதுசு என்று தெரிகிறது.

நம்மூரில்? மணலைப் பீய்ச்சிச் சிற்பத்தின் மூக்கைத் தேய்த்த கோயில்களைப் பார்த்திருக்கிறேன். உபயதாரர் பெயர் போட்ட சலவைக்கல்லைப் பழைய கல்வெட்டின் மேலேயே ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன். என்ன இருந்தது, எதை எடுத்தோம், எதைச் சேர்த்தோம் என்று ஒரு வரி கிடையாது. கும்பாபிஷேகத் தேதி மட்டும் பளிச்சென்று இருக்கும்.

இறங்கும்போது ஒரு குடும்பம் எதிரே ஏறி வந்தது. "இது யாருப்பா கட்டினது?" என்று கேட்டது சின்னப் பெண். "ராஜராஜ சோழன்மா" என்றார் அப்பா, யோசிக்காமல்.

ஆசிரியர் நின்றார். என்னைப் பார்த்தார். "நீங்க கீழ போய் டீ சொல்லுங்க தம்பி, வந்துடறேன்" என்று செருப்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.