1,670 கிலோவா, 1,745 கிலோவா?

பி.எம்.டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் காருக்கு அதைச் செய்த நிறுவனமே இரண்டு எடை சொல்கிறது. இந்தத் தலைமுறை அறிமுகமானபோது வெளிவந்த ஐரோப்பிய விவரத்தாளில் 1,670 என்றும் 1,745 என்றும் இரண்டு எண்கள், நடுவில் ஒரு சாய்கோட்டோடு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டுமே உண்மை. முதலாவது ஜெர்மன் தரமுறைப்படி போட்ட எடை: பெட்ரோல் டாங்க் 90 சதவீதம் நிறைந்திருக்கும், என்ஜின் ஆயிலும் கூலண்டும் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையில் அதே காருக்குள் 75 கிலோவுக்கு ஓர் ஓட்டுநரை உட்கார வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆள் 68 கிலோ, அவர் கையில் உள்ள பை 7 கிலோ என்று பழைய விதி பிரித்தே சொன்னது.

இந்தக் காரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இது நம் ஊர்க் கார். செங்கல்பட்டு மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில் கோக்கப்படுகிறது. எம் பெர்ஃபார்மன்ஸ் வரிசையில் இந்தியாவில் உருவான முதல் கார் என்ற பெயரோடு 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ. அறிமுகத்தின்போது 387 குதிரைசக்தி, 500 நியூட்டன் மீட்டர் டார்க், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி என்கிறது நிறுவனம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவுதான் என்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். நான்கு கதவும் டிக்கியும் உள்ள செடான்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தவர்கள் அந்த வாதத்தைத் தொடர்வதில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் எடை போட்டேன். காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளுக்காக எடை மேடைகள் ஏராளம். நான் போன மேடையில் கணினி முன் இருந்த இளைஞர் முதலில் கேட்டது, “காலி எடையா சார், லோடு எடையா?” கார் விளம்பரம் எழுதுகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது. லாரித் தொழிலில் இந்த இரண்டும் தெரியாமல் ஒரு நடை கூட ஓடாது. கார் வாங்கும்போது மட்டும் ஒற்றை எண்ணைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறோம்.

லாரி மேடையில் எண் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் நகரும். ஐந்து பத்து கிலோ இப்படி அப்படி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். முத்திரையிட்ட மேடைதானா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் வேலை. டாங்க்கை நிரப்பி, டிக்கியைக் காலி செய்து, நான் இறங்கி மேடைக்கு வெளியே நின்றபோது திரையில் நின்ற எண், நிறுவனம் சொல்லும் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. ஆள் இல்லாமலே முதல் எண்ணைத் தாண்டிவிட்டதே என்று துணுக்குறத் தேவையில்லை. அடிப்படை வடிவத்துக்குப் போட்ட எடை அது. நம் சந்தைக்கு வரும் கார் கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கைகள் என்று சாமான்களோடு வருகிறது. டாங்க்கிலும் மிச்சமிருந்த பத்து சதவீதம் இருந்தது. 59 லிட்டர் டாங்க் நிறைந்தால் பெட்ரோல் மட்டும் ஏறத்தாழ 43 கிலோ.

பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை. மேடையும் அணுகுபாதையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் இது சரிவரும். முன்பக்கம் சற்று அதிகம் காட்டியது. நீளமான ஆறு சிலிண்டர் என்ஜினும் முன் சக்கரங்களுக்கு இழுவை தரும் அமைப்பும் அங்கேதான் இருக்கின்றன, வேறெப்படிக் காட்டும்? பின் இருக்கையில் ஆள் ஏறியதும் அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. குடும்பத்தோடு போகும்போது இந்தக் கார் வளைவில் இன்னும் சமநிலையோடு இருப்பதன் காரணம் எடை மேடையில் தந்த ரசீதில் இருந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர்களுக்கு இந்த விவகாரத்தைப் புரியவைக்கச் சிரமமே இல்லை. கச்சாப் பட்டை வேகவைத்துக் கோந்தை எடுத்தால் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். எந்த நிலையில் நிறுத்தது என்று சொல்லாமல் அங்கே யாரும் நூல் கணக்குப் பேச முடியாது. கார் உலகத்தில் பேசுகிறார்கள். ஃபெராரி 458 இட்டாலியா 2009இல் வந்தபோது 1,380 கிலோ என்ற எண்தான் பெரிதாகப் பேசப்பட்டது. அது ‘உலர் எடை’. பெட்ரோல் முதலான திரவங்கள் இல்லாமல் போட்டது. ஓடத் தயாரான நிலையில் அதே கார் 1,485 கிலோ. நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம், அதுவும் எடை குறைந்த விருப்ப பாகங்கள் பூட்டிய காரில். உலர்ந்த காரை யாரும் ஓட்ட முடியாது என்பதால் அந்த எண்ணை நான் மதிப்பதே இல்லை.

பந்தயத்தில் இந்தத் தளர்வுக்கு இடமில்லை. 2024 பெல்ஜியம் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். எரிபொருளை வடித்துவிட்டு நிறுத்துப் பார்த்தபோது, ஓட்டுநரையும் சேர்த்து 798 கிலோ இருக்க வேண்டிய கார் 796.5 கிலோதான் இருந்தது. ஒன்றரை கிலோவுக்காக வெற்றி பறிபோனது. என்னென்ன சேர்த்து, எதையெதை நீக்கி நிறுப்பது என்று முன்பே எழுதிவைத்திருந்ததால்தான் அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்ல முடிந்தது.

387 குதிரைசக்தியை 1,670 கிலோவால் வகுத்தால் டன்னுக்கு 232 குதிரை. 1,745ஆல் வகுத்தால் 222. இன்னும் மூன்று பேரும் ஊருக்குப் போகும் பைகளும் சேர்ந்து 240 கிலோ ஏறினால் 195. இந்தக் கடைசி எண்ணோடுதான் பெரும்பாலான நாட்கள் கார் ஓடும். முடுக்கத்தில் அது தெரிகிறதா? தனியாக ஓட்டும்போது 60இலிருந்து 100க்குப் போவது மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடுகிறது. நான்கு பேரோடு அதே வேலை நிதானமாக, ஆனால் எந்தத் திணறலும் இல்லாமல் நடக்கிறது. இந்த என்ஜினிடம் இருப்பு அவ்வளவு.

எடை தன்னைக் காட்டுவது பிரேக்கில். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 1,745 கிலோவை நிறுத்த, சுமார் 670 கிலோஜூல் ஆற்றலை டிஸ்க்குகள் வெப்பமாக மாற்ற வேண்டும். எடை ஒரு மடங்கு ஏறினால் இதுவும் ஒரு மடங்கு ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு. 4.4 விநாடியைச் சோதிக்கும் இடம் பொதுச் சாலை அல்ல. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அதைச் செய்பவர்களைப் பார்த்து நான் பயப்படுகிறேன். அதற்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாக்கிய 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் அது. நீள நேர்ப்பாதையின் முடிவில் பெடலை அழுத்தும்போது மூக்கு தாழ்ந்து, முன் டயர்கள் எடை முழுவதையும் வாங்கிக்கொள்வது ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிறது. வளைவுக்குள் சீக்கிரம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். அரை விநாடி பொறுத்து மிதித்தால் பின் அச்சின் டிஃபரன்ஷியல் வேலையைத் தொடங்கி, காரை உள்ளே திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்ட பிறகு இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

மறுபக்கச் சோதனைக்குக் கூரம். பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேட்டால் வரலாற்றில் நிலைத்த ஊர், கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அவருடைய ஆசாரியரான இராமானுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இன்று கார் ஆலைகளின் ஊர் என்பதை அந்த வழியில் ஓட்டும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. கூரத்தில் வேகத்துக்கு இடமில்லை. வேகத்தடை, வீட்டு வாசலில் கட்டிய மாடு, எதிரே வரும் டிராக்டர் என்று எல்லாம் நடக்கும் வேகத்தில்தான். கம்ஃபர்ட் நிலையில் கார் மேடுபள்ளங்களைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. இதில் அந்த எடைக்கும் பங்குண்டு. சிறு குழிகள் கனமான உடலை அவ்வளவாக அசைப்பதில்லை. ஆனால் நான்கு பேர் ஏறினால் வயிறு தாழ்கிறது. உயரமான வேகத்தடைகளைக் கோணமாக ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. ஒருமுறை பின் இருக்கையில் இருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். காரும் மேலெழுந்தது.

கனமான கார்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 1986இல் வந்த முதல் பி.எம்.டபிள்யூ எம்3 சுமார் 1,200 கிலோ. 2024இல் வந்த எம்5 பாட்டரியும் மோட்டாரும் சேர்ந்து 2,435 கிலோ. ஏர்பேக், மோதல் பாதுகாப்பு, ஹைப்ரிட் எல்லாம் எடையோடுதான் வருகின்றன. என்ன நிலையில் நிறுத்தோம் என்பதை நிறுவனங்கள் அதே வரியில் எழுதட்டும். நம் விற்பனைக் கையேடுகள் பலவற்றில் எடையே இருப்பதில்லை, அது இன்னும் மோசம்.

காட்சியகத்தில் சொல்லவில்லை என்றால் ஆர்.சி.யைப் பாருங்கள். ‘அன்லேடன் வெயிட்’ என்ற கட்டம் அதில் உண்டு. வழக்கமாக வண்டியோடு இருக்கும் சாதனங்களைச் சேர்த்து, ஓட்டுநரை நீக்கி என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவே அதற்கு விளக்கம் தருகிறது. இந்தக் காரை வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் டயர் காற்றழுத்தப் பட்டியல் ஒட்டியிருக்கும். தனியாகப் போகும்போது ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு. காற்று பிடிக்கும் இடத்தில் “எல்லாத்துக்கும் முப்பது போடுப்பா” என்று சொல்லிவிட்டு நான்கு பேரோடு திருப்பதிக்குக் கிளம்பாதீர்கள்.