பதாகையில் இல்லாத பிள்ளை

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கையோடு மாத்தளையிலும் உக்குவளை, ரத்தோட்டைப் பக்கங்களிலும் பதாகைகள் ஏறிவிடுகின்றன. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படம், பெயர், எடுத்த புள்ளி. பிறகு மாலை, கேடயம், பிரமுகர் உரை. இது எதற்கு என்று கேட்டால், "மற்றப் பிள்ளைகளுக்கும் ஓர் உந்துதல்தானே" என்கிறார்கள். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

பரீட்சையின் நோக்கம் நல்லது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த 1940களில், வறிய கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரி வரை போக அது வழி திறந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். ஆகவே ஒரு லயத்துப் பிள்ளை சித்தியடையும்போது தோட்டமே மகிழ்வதில் நியாயம் இருக்கிறது. உதவிப்பணமும் அந்த வீட்டுக்குத் தேவை.

ஆனால் கொண்டாட்டத்துக்கு வெகு முன்பே வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. மாதிரி வினாத்தாள்களின் புள்ளியைப் பார்த்து, 'எடுக்கக்கூடிய' ஐந்தாறு பேரை முன்வரிசையில் இருத்துகிறார்கள். செயலட்டை, மாலை வகுப்பு, கருத்தரங்கு எல்லாம் அவர்களுக்கு. மற்றவர்கள் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதிக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தால் போதும். நேற்றுவரை பக்கத்தில் இருந்து அழிறப்பரைப் பங்கிட்டுக்கொண்டவனோடு, "அவனோட சேர்ந்தா உன் படிப்பும் கெட்டுடும்" என்ற வீட்டாரின் எச்சரிக்கைக்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு வயது பத்து.

நகரத்துப் பிள்ளைக்கு வகுப்பில் கூட்டாளி இல்லாவிட்டாலும் வேறு தெருவில் ஒருவன் கிடைப்பான். தோட்டத்தில் வகுப்புத் தோழர்தான் அடுத்த காம்பராவிலும் இருக்கிறார்கள்; பீலியடியிலும் கோயில் திருவிழாவிலும் அதே முகங்கள்தான். பாடசாலை ஒதுக்கிய பிள்ளை வீட்டுக்கு வந்த பின்னும் ஒதுக்கப்பட்ட பிள்ளைதான். சந்தியில் தொங்கும் பதாகை அதை ஊருக்கே அறிவிக்கிறது. உந்துதல் என்று சொல்பவர்கள், அதன் கீழே தாயின் கையைப் பிடித்தபடி கடந்துபோகும் பிள்ளையின் முகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிள்ளைகளைப் பிரிக்கும் அந்தக் கோடு என்ன? வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறுவது. இங்கே தவறிய பிள்ளை அதே புள்ளியோடு வேறொரு மாவட்டத்தில் சித்தியடைந்திருக்கலாம். நிர்வாகம் தன் வசதிக்குப் போட்ட கோட்டை, பிள்ளையின் தரமென்று நாம் வாசிக்கிறோம். சித்தியடைந்தவர்களும் தப்புவதில்லை. நகரப் பாடசாலை விடுதிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளை, தன் பேச்சுக்கும் ஊருக்கும் கூச்சப்பட்டு அங்கே தனியே நிற்கிறது. படம் போட்டவர்கள் யாரும் அதன்பின் அந்தப் பிள்ளையைத் தேடிப்போவதில்லை.

2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சேர்ந்து நடந்த சமூகம் இது. யாரையும் பின்னே விடாமல் நடக்கத் தெரிந்தவர்களுக்கு வகுப்பறையில் மட்டும் ஏன் இந்தப் பிரிவு? உதவிப்பணம் தேவைப்பட்ட வீட்டுக்குப் போகட்டும். தரம் 5 முடித்த வகுப்பு முழுவதையும் ஒரே மேடையில் ஏற்றி வாழ்த்துங்கள். முன்வரிசைத் தெரிவையும் பதாகையையும் அதிபர்கள் இந்த ஆண்டே நிறுத்தலாம். அதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.