கணக்கும் கண்ணும்

மார்கழியில் வேம்பார்ப் பக்கத்துக் கரைகளுக்கு நீர்ப்பறவைகள் வரும். அவற்றைக் காணும்போதெல்லாம் பழைய வாத்து வேட்டைக் குறிப்புகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. விடியற்குளிர், முழங்காலளவு சேறு, மாமனும் மருமகனும் சிநேகிதர்களும் பங்கிட்டுக்கொள்ளும் கட்டுச்சோறு எல்லாம் அவற்றில் சுவையாகவே இருக்கும். பறவை வந்ததும் எழுத்து படுத்துவிடும். அப்புறம் வெறும் கணக்குத்தான்.

இந்தக் கணக்கைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். 1938 நவம்பர் 12-ஆம் தேதி பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் சுட்டது 4,273 பறவைகள். எண் நிற்கிறது, அவற்றில் ஒன்றாவது நம் கண்முன் பறக்கிறதா?

எனக்கு உரைகல் சத்திமுத்தப் புலவர்தான். நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார் அவர். வேம்பார்ப் பனங்காட்டுக் கிழங்கைப் பிளந்து தின்றவர்களுக்கு அந்த உவமையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. அவரோ வறியவர், குளிரில் நடுங்கியவர். இருந்தும் நாரையைக் கறியாக நினைக்கவில்லை. மனைவிக்குச் சேதி சொல்லத் தூதாக அனுப்பினார்.

வேட்டைக்காரனுக்குக் கண்ணே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிறுவன் சலீம் அலி தான் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சளைக் கண்டு, அது என்ன பறவை என்று விசாரிக்கப் போனார். 1985-இல் வந்த தம் சுயசரிதைக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக்கினார்.

1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முடிவு கட்டின. ஆனால் இன்று தூரக்கண்ணாடியோடு போகிறவர்களில் பலரும் எத்தனை வகை, எத்தனை பறவை என்றே எழுதுகிறார்கள். துப்பாக்கி போயிற்று, கணக்குப் புத்தி போகவில்லை.