தாங்கும் குரல்

தாம்பரம் பக்கத் தேவாலயப் பாடற்குழுக்களில் பாரிடோன் என்னும் நடு ஆண்குரல்காரருக்கென்று தனி வரிசை பெரும்பாலும் இருக்காது. ஏறத்தாழ 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஓடும் அந்தக் குரல், நான்கு குரல் அமைப்பில் கீழ்க்குரலான பேஸ் வரிசையோடு சேர்ந்துவிடும். வாரநாளில் சிறுசேரி சிப்காட்டில் கணினி முன் உட்காருபவர், ஞாயிறன்று யார் காதிலும் தனியாக விழாத ஒரு வரியைப் பாடுகிறார். அந்தக் கலையின் அழகே அதுதான் என்பேன். மெட்டு மேல்குரலான சொப்ரானோவிடம் இருக்கலாம். கீழே ஒரு சுரம் மாறினால் அதே மெட்டு துக்கமாகவோ நிறைவாகவோ கேட்கும்.

நம் காதுக்கு இந்தப் பல குரல் இசை அந்நியம், ராகம் போதாதா என்பார்கள். பாதி உண்மை; ஆண்குரலையும் உச்சத்தில் கேட்டே பழகியவர்கள் நாம். ஆனால் தம்புராவும் நாகஸ்வரத்தின் ஒத்தும் கவனிக்கப்படாமல் தாங்குபவைதானே? ஒத்து நின்ற இடத்தில் நிற்கும், பேஸ் நடக்கும். சிரமம் அந்த நடையில்தான். தொழில்முறைப் பாடகர் அல்லாதவரால் முடியுமா என்றால், 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் இருக்கிறது. பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவர்கள் அங்கே ஹேண்டலின் ‘மெசையா’வையே பாடியிருக்கிறார்கள். வயதும் இக்குரலுக்கு அவ்வளவு பகையில்லை. உயர் ஆண்குரலான டெனர் திணறத் தொடங்கும் ஐம்பதுகளில் பாரிடோனுக்குக் கனம் கூடும்.