இரு நூல்களில் அமெரிக்கச் சிறை

சிறைச்சாலையைப் பற்றி எழுதுவோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். விருந்தினராகச் சென்று, சுற்றிப் பார்த்து, அன்று மாலையே வெளியே வந்து எழுதுவோர் ஒரு வகையினர். தண்டனை பெற்று உள்ளே கிடந்து, விடுதலையான பின் எழுதுவோர் மற்றொரு வகையினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தண்டனை முறையை அறிய விரும்புவோர்க்கு இவ்விரு வகையிலும் சிறந்த நூல் ஒவ்வொன்று வாய்த்திருக்கிறது. ஒன்று, ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் வெளியிட்ட 'அமெரிக்கக் குறிப்புகள்'. மற்றொன்று, அலெக்ஸ் ஹேலியின் துணையுடன் எழுதப்பெற்று, ஆசிரியர் சுட்டுக் கொல்லப்பட்ட 1965ஆம் ஆண்டிலேயே வெளிவந்த மால்கம் எக்ஸின் தன்வரலாறு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு, தனித்தனியே படிக்கும்போது புலப்படாத ஓர் உண்மை புலப்படும் என்பது நம் கருத்து.

டிக்கன்ஸ் கண்டது, பிலடெல்பியா நகரில் 1829இல் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையை. அதனை எழுப்பியோர் கொடியவர் அல்லர். கசையடியையும் தூக்குமரத்தையும் வெறுத்த குவேக்கர் கிறிஸ்தவர்களின் சீர்திருத்த எண்ணமே அதற்கு வித்து. குற்றவாளியைத் தனி அறையில் வைத்து, கைத்தொழிலும் வேத நூலும் மட்டும் கொடுத்துவிட்டால், அவன் தன் உள்ளத்தோடு தானே பேசி, செய்த பிழைக்கு வருந்தித் திருந்துவான் என்று அவர்கள் நம்பினர். நாம் தவ்பா என்கிறோமே, அதனைக் கல்லால் கட்டி எழுப்பிவிடலாம் என்று எண்ணினர் போலும்! அறையை விட்டு வெளியே கொண்டுவரும்போது கைதியின் முகத்தை முகமூடியால் மறைத்தனர். அவன் யாரையும் காணலாகாது. அவனையும் யாரும் காணலாகாது. குடும்பத்தாரின் கடிதமும் அவனை வந்தடையவில்லை.

இம்முறையின் ஆபத்தை அமெரிக்கா முன்பே அறிந்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் 1821இல் ஒரு சோதனை தொடங்கிற்று. வேலையும் இன்றித் தனிமையில் அடைக்கப்பட்டோர் சித்தம் கலங்கவே, அது கைவிடப்பட்டது. பகலில் கூடி உழைப்பது, இரவில் தனித்து உறங்குவது, எந்நேரமும் வாய் திறவாதிருப்பது என்பது அங்கே புதிய விதியாயிற்று. மீறினால் சவுக்கு. பிரெஞ்சு நாட்டிலிருந்து 1831இல் வந்த டொக்வில், போமோன் என்னும் இருவர், இவ்விரு முறைகளையும் ஆராய்ந்து 1833இல் அறிக்கை வெளியிட்டனர். வரவு செலவும் விளைவும் அவ்வறிக்கையில் நிறுக்கப்பட்டன.

டிக்கன்ஸ் நிறுக்கவில்லை, முகங்களைப் பார்த்தார். உடலில் விழும் அடிக்குத் தழும்பு உண்டு, அலறல் உண்டு. உள்ளத்தில் விழும் அடிக்கு இரண்டும் இல்லை. ஆகவே உலகம் அதனைக் கொடுமை என்று அறிவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. நூலின் தலையாய பகுதி இதுவே எனத் தயங்காது கூறலாம். குறையும் உண்டு. சில நிமிடங்கள் கண்ட கைதியின் நெஞ்சத்தை, நாவலின் பாத்திரம் போல் தாமே படைத்துக்கொள்கிறார். அறைச் சுவரில் வண்ணம் தீட்டிச் சிறு தோட்டம் வளர்த்த ஒரு ஜெர்மானியக் கைதியைத் துயரத்தின் வடிவமாகவே வரைந்தார். அக்கைதி பிற்பாடு நெடுங்காலம் உயிர் வாழ்ந்ததைக் காட்டி, டிக்கன்ஸ் மிகைப்படுத்திவிட்டார் என்றனர் எதிர்ப்பாளர். ஆனால் அம்மனிதர் திரும்பத் திரும்ப அதே சிறைக்கே வந்து சேர்ந்தாரே, அதற்கு என்ன பொருள்? 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தனிமைச் சிறையால் பலர் அறிவு மழுங்கினர், சிலர் பித்தராயினர், வேறு சிலர் தற்கொலை செய்துகொண்டனர் என்று ஒரு தீர்ப்பில் பதிவு செய்தது. நாவலாசிரியரின் கற்பனை உண்மையை விட்டு வெகுதூரம் விலகிச் செல்லவில்லை.

அவர் கேளாது விட்ட கேள்வி வேறு. அறைக்குள் என்ன நிகழ்கிறது என்று கேட்டார். அறைக்குள் வருவோர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்கவில்லை. அடிமை முறையைக் கண்டித்துத் தனி அத்தியாயமே எழுதியவர், அதையும் சிறையையும் இணைத்துப் பார்க்கவில்லை. ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையின் முதல் கைதியோ, களவுக்காக இரண்டாண்டுத் தண்டனை பெற்ற கறுப்பின இளைஞர். 1865இல் அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தபோது, குற்றத்திற்குத் தண்டனையாக அமையும் கட்டாய உழைப்புக்கு மட்டும் விலக்களித்தது. தென் மாநிலங்கள் அந்த வாசல் வழியே கைதிகளை முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. அலபாமாவில் அது ஓய 1928 ஆயிற்று.

டிக்கன்ஸ் விட்ட இடத்தை மால்கம் நிரப்புகிறார். 1946இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் களவுக்காக அவருக்கு விதித்தது எட்டு முதல் பத்தாண்டு. வெள்ளைப் பெண்களோடு சேர்ந்திருந்ததே தண்டனை நீண்டதற்குக் காரணம் என்பது அவர் குற்றச்சாட்டு. இத்தகைய நீளும் எல்லையும் ஒரு சீர்திருத்தத்தின் பிள்ளையே. கைதி திருந்தும்வரை காலத்தை முடிவு செய்யாதிருப்பது என்னும் கொள்கை 1870இல் சின்சினாட்டி மாநாட்டில் பிறந்தது; 1876இல் திறக்கப்பட்ட எல்மைரா சீர்திருத்தச் சிறையில் நடைமுறைக்கு வந்தது. திருந்தினானா என்று அளப்பவர் மட்டும் அதிகாரி!

மால்கத்தின் நூலிலும் குறை இல்லாமலில்லை. மனமாற்றக் கதையாக அமைந்தமையால், மாறுவதற்கு முந்திய வாழ்வை வேண்டியதினும் இருளாகத் தீட்டுகிறார். இதனால் வாசகர் சிலர், சிறையே அவரை மனிதராக்கிற்று என்று முடிவு கட்டுகின்றனர். நூலை ஊன்றிப் படித்தால் அம்முடிவு நில்லாது. கழிவறையும் இல்லாத சார்ல்ஸ்டவுன் சிறையறை அவரை ஆக்கவில்லை. நூலகத்தைப் பயன்படுத்து என்று அறிவுரைத்த மூத்த கைதி ஒருவர், உடன்பிறந்தோரின் கடிதங்கள், நார்ஃபோக் சிறையின் சிறந்த நூலகம், அங்கு நடந்த விவாதங்கள் ஆகியவையே அவரை ஆக்கின. அகராதியைப் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதிக் கற்றார். விளக்கணைந்த பின் தாழ்வாரத்து ஒளியில் படித்தார். நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தின் அழைப்பும் கடிதம் வழியே வந்தது. பின்னர் 1964இல் ஹஜ்ஜை நிறைவேற்றிய பின்னரே அவ்வியக்கத்தின் இனக்கொள்கையைத் துறந்து, அனைத்து மாந்தரின் சகோதரத்துவத்தைக் கண்டார்.

இரு நூல்களையும் சேர்த்துப் படிக்கையில் புலப்படும் உண்மை இதுதான்: மால்கத்தை மாற்றிய ஒவ்வொன்றும், அதாவது பேச்சு, கடிதம், உறவு, பல்வகை நூல்கள் அனைத்தும், பிலடெல்பியாச் சிறை திருத்தத்தின் பெயராலேயே தடை செய்தவை. மனிதன் மனிதர் நடுவிலேதான் திருந்துகிறான்.

இப்பாடம் நிலைக்கவில்லை. 1964இல் இல்லினாய் சிறையில் சமய நூல்கள் மறுக்கப்பட்ட ஒரு முஸ்லிம் கைதியின் வழக்கில், கைதியும் உரிமை கேட்டு மத்திய நீதிமன்றம் ஏறலாம் என்று உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் காற்று திசை மாறிற்று. 1984ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசின் வழக்குகளில் பரோல் முறையைக் கைவிட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைக் கறுப்பினத்தார் பகுதிகளில் பரவியிருந்த 'கிராக்' 5 கிராமுக்கும், தூள் கொக்கைன் 500 கிராமுக்கும் ஒரே ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை விதித்தது. அந்த 100க்கு 1 என்ற விகிதம் 2010இல்தான் 18க்கு 1 ஆயிற்று. கோல்ஃப் மட்டைகள் மூன்றைத் திருடிய, முன்குற்றங்கள் உடைய ஒருவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை என்ற கலிபோர்னியத் தண்டனையை 2003இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1989இல் பெலிக்கன் பே, 1994இல் கொலராடோவின் ஃபுளோரன்ஸ் எனத் தனிமைச் சிறைகளும் புதிதாக எழுந்தன. குவேக்கர்கள் மனவருத்தத்தையாவது எதிர்பார்த்தனர். இவை அதனையும் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே டிக்கன்ஸின் பக்கங்கள் பழங்கதையாகிவிடவில்லை. பிறர் துன்பத்தைக் காணும் கண்ணுக்கு அவரையும், துன்புறுவோர் தம் வாயால் கூறும் சொல்லுக்கு மால்கத்தையும் நாடுவோம். ஒன்று மட்டும் போதும் என்பவர் இரண்டாவதையே எடுக்கட்டும். தண்டனையைப் பற்றித் தண்டனை பெற்றவனிடம் கேளாமல் இயற்றப்பட்ட எந்தச் சீர்திருத்தமும் நெடுநாள் கருணையாக நிலைத்ததில்லை என்பதற்கு, அந்நூல் எழுதப்பட்ட நாட்டின் வரலாறே சான்று.