அசையாததா, நிற்பதா?

அலெக்ஸாண்டர் கால்டர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 1931இல் அவருடைய அசையும் சிற்பங்களுக்கு மார்செல் துஷாம்ப் 'மொபைல்' என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் ழான் ஆர்ப், அப்படியானால் போன வருடம் செய்ததெல்லாம் 'ஸ்டேபில்'களா என்று கிண்டலாகக் கேட்டார். கிண்டலே பெயராகிவிட்டது.

தமிழில் இதை 'அசையாச் சிற்பம்' என்று எழுதினால் பாதி அர்த்தம் போய்விடும். கோயில் தூணில் இருக்கிற யாளியும் அசையாததுதானே? லத்தீன் வேரில் இருப்பது நிற்றல். சிகாகோவில் 1974இல் நிறுவப்பட்ட 'ஃபிளமிங்கோ' சுமார் 16 மீட்டர் உயரச் சிவப்பு எஃகு. வளைந்த கால்களுக்கு நடுவே ஜனங்கள் நடந்து போகிறார்கள். நாலடி தள்ளி நின்றால் வேறு உருவம். அசைவு இல்லாமல் போகவில்லை. பார்க்கிறவர் கால்களுக்கு மாறிவிட்டது. (ஸ்டேபிள் வெர்ஷன் என்று நாங்கள் ஆபீசில் சொல்வதும் உறைந்துபோன சாஃப்ட்வேரை அல்ல, பாரம் தாங்கி நிற்பதை.)

தேவாரம் பக்கம் கதவுச் சட்டத்துக்கு 'நிலை' என்று பெயர். அது நிற்பதால்தான் கதவு ஆடுகிறது, ஆள் புகுந்து போகிறார். ஸ்டேபிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

'நடுகல்' இருக்கிறதே என்று கேட்கலாம். எங்கள் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கிடைத்தன. பிற்கால வீரக்கற்களைப் போல வில்லும் வாளும் ஏந்திய உருவம் இவற்றில் கிடையாது. கல், அதன்மேல் எழுத்து, அவ்வளவுதான். ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்தவனுக்கானது. வாசகம் 'கல்' என்றே தொடங்குகிறது. மலையில் ஏல நாற்றுக்குச் சொல்கிற அதே 'நடு'தான் இங்கேயும். நட்ட கை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது.

உடனே 'கால்டருக்கு முன்னாலேயே நம்மாள் அரூபச் சிற்பம் செஞ்சுட்டான்' என்று கிளம்ப வேண்டாம். உருவம் செதுக்காமல் விட்டது வடிவச் சோதனைக்காக அல்ல. அந்தக் கல் ஓர் ஆளுக்காக நிற்கிறது. ஸ்டேபில் யாருக்காகவும் நிற்பதில்லை. எஃகுத் தகடும் போல்ட்டும் தங்கள் எடையோடு நிற்கின்றன, அதுதான் அதன் விடுதலை. நடுகல் என்ற பெயரை அதற்குக் கடன் கொடுத்தால் செத்தவனும் காணாமல் போவான், கால்டரும் காணாமல் போவார்.

ஆக, நிலை. ஒரே சிக்கல், 'கால்டரின் நிலை' என்று எழுதினால் மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோ என்று படிப்பவர் நினைப்பார். இப்போதைக்கு 'நிலைச்சிற்பம்' என்று எழுதுகிறேன்.